இன்னும் முயல்கிறேன்

வட்டில் இடமிருக்கிறது.
நூற்றுக்கு ஐம்பத்தொன்பது காலி என்கிறது திரை.
ஆனாலும் எழுத மாட்டேன் என்கிறது.

இரவு இரண்டேகால். புந்தா அரேனாஸ்.
நகராட்சி தெருமுனையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத்தான்
காற்றைக் கடந்து மருத்துவமனைக்குள் வந்தேன்.
உள்ளங்கையில் இன்னும் நார் உறுத்துகிறது.

எக்ஸ்ரே அறையில் ஓயார்சோ
மாத்தே உறிஞ்சியபடி,
"யாஸ்னா, உன் அலமாரி செத்துப்போச்சு" என்கிறார்.
அலமாரி என்று அவர் சொல்வது
கீழ்த்தளத்தில் இருக்கும் பன்னிரண்டு வட்டுகளை.
இந்தக் கட்டடத்தின் எல்லாக் கணினிகளும்
ஒரே பானையில் கைவிடுவதுபோல்
அதில்தான் கைவிடுகின்றன.

நாற்காலியில் ஒருவர். ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பவர்.
வலது மணிக்கட்டு வீங்கி,
சட்டையெல்லாம் கம்பளிக் கொழுப்பின் வாடை.
பெயர் பதிந்தது: எலியேசர் பாரியா.
வயது பதிந்தது. வலது கை என்பதும் பதிந்தது.
படம் மட்டும் போகவில்லை.

முதலில் வட்டுகளைத்தான் சந்தேகப்பட்டேன்.
எல்லோரும் அப்படித்தான்,
சோறு வேகவில்லை என்றால் அரிசியைத் திட்டுவார்கள்.
பன்னிரண்டு விளக்கும் பச்சை.
தகரத்தில் காதை வைத்துக் கேட்டேன்,
ஒன்றும் முனகவில்லை.
பழுதான பகுதிகள்: பூஜ்யம்.
அனுமதிகள், ஒதுக்கீடு, யாராவது போட்ட பூட்டு,
எல்லாம் சரி, எல்லாம் சரி.

பதிவேட்டில் மட்டும் ஒரே வரி
நானூறு தடவை:
சேவையகம் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்.
சேவையகம் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்.

தொங்கிக் கிடந்த நிரலைக் கொல்லப் பார்த்தேன்.
சாகவில்லை.
தூங்குகிறவனை எழுப்பலாம்;
வட்டின் பதிலுக்குக் காத்திருப்பவனை
எழுப்பவும் முடியாது, கொல்லவும் முடியாது.

பிறகு, வேறு வழி தெரியாமல்,
ஓர் எழுத்தை எழுதிப் பார்த்தேன். போனது.
ஒரு வரி. போனது.
என் பூனையின் படம் —
நின்றுவிட்டது.
ஊசி நுழைகிற வாசலில் உலக்கை நுழையவில்லை.

அங்கேதான் முதுகு நிமிர்ந்தது.
வெற்றுப் பொட்டலங்களை அளந்து அளந்து அனுப்பினேன்.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு பைட்: திரும்பி வந்தது.
இன்னும் ஒன்றே ஒன்று கூட்டினேன்.
மௌனம்.

இந்த முனையும் அந்த முனையும்
ஒன்பதாயிரம் வரை பேசப் பழகியவை.
நடுவில் செவ்வாய்க்கிழமை மாட்டிய புது ஸ்விட்சுக்கு
ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் தெரியாது.
பெரிதாக எது வந்தாலும்
முடியாது என்றுகூடச் சொல்லாமல் கீழே போட்டுவிடும்.
வட்டு பாவம். அதற்குச் சேதியே வரவில்லை.

ஒரு வரியை மாற்றினேன். பதினோரு நொடி.
பதிவேட்டில்: சேவையகம் சரி.
வரிசையில் நின்ற படங்கள்
ஒரு நுரையீரல், ஒரு குழந்தையின் இடுப்பு, இரண்டு பல்,
எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கின.
பூனையும்தான். அதை அழித்தேன்.

பாரியாவின் மணிக்கட்டில் முடியளவு விரிசல்.
"ஆயிரத்து நானூறு ஆடு பாக்கி" என்றார்,
என்னைப் பார்த்து, ஏதோ நான்தான்
அவற்றைத் தள்ளிப்போடச் சொன்னதுபோல்.
ஓயார்சோ அவருக்கு மாத்தே நீட்டினார்.
இடது கையால் வாங்கினார்.

நாலரைக்கு ஜலசந்தியின்மேல் வெளுக்கத் தொடங்கியது.
அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'புதிய கருவியின் அமைப்புப் பிழை' என்று எழுதினேன்.
அழித்தேன்.
செவ்வாய்க்கிழமை, ஐந்து மணிப் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில்,
சோதிக்காமல் அதை மாட்டியது யார்?

'நான்' என்று எழுதினேன்.
சின்ன கோப்பு.
அது நேற்றே போயிருக்கும்.